குங்குமம் கசிந்த ஆந்தை

அக்கா,

இன்று மாலை பூசணிக்காயின் மேல்மூடியை அறுத்து எடுத்ததும் உள்ளேயிருந்து அந்த வாசனை வந்தது. ஈர மண்ணும் வெள்ளரியும் கலந்த மாதிரி ஒரு பச்சை வாசனை. கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். "ஏம்மா நிறுத்திட்டே?" என்றாள் மீனு. அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. உங்களுக்கு எழுத வேண்டியதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷமும் இதே அக்டோபர் கடைசிதான். மீனுவின் பாலர் பள்ளிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். அவர் ஊரில் ஹாலோவீன் என்று பேய்களுக்கு ஒரு நாள் உண்டாம். பூசணிக்காயைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றுவார்களாம். மெல்போர்னில் எங்கள் நோபல் பார்க் பக்கம் அதை அவ்வளவாக யாரும் கொண்டாடுவதில்லை. குழந்தைக்கு ஒரு உருவம் என்று சீட்டுப் போட்டார். மீனு எடுத்து வந்த சீட்டில் ஆந்தை.

பூனையோ வௌவாலோ வந்திருந்தால் யோசிக்காமல் செய்திருப்பேன். ஆனால் அந்த வாரம் முழுக்க பக்கத்து வீட்டில், உங்கள் வேலிக்குப் பின்னால் நின்ற யூகலிப்டஸ் மரத்தில் ஒரு ஆந்தை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சம் போகும் முன்பே தொடங்கிவிடும். இரண்டு குரல், ஒரு இடைவெளி, மறுபடி அதே இரண்டு குரல். மீனுவுக்கோ குளிர்காலம் பூராவும் விட்டுவிட்டுக் காய்ச்சல். ஆந்தை வீட்டருகே கூப்பிட்டால் யாரோ போகப்போகிறார்கள் என்று கேட்டே வளர்ந்தவள் நான். வேலியோரம் வந்து, "உங்களுக்குக் கேக்குதா அக்கா?" என்றேன். நீங்கள் துணி காயப்போட்டபடியே, "எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே பிள்ளை" என்றீர்கள். நீங்கள் அதைச் சொன்னபோதும் அது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.

இந்த ஊர்ப் பூசணி சாம்பல் நிறம், கல் மாதிரி தோல். என் கத்தி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. நீங்கள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "பிஎஸ்ஸி படிச்ச பிள்ளைக்கு ஒரு பூசணிக்காய் வெட்டத் தெரியேல்ல. உந்தக் காயை இஞ்சால தா." உங்கள் வீட்டுக்காரர், அண்ணரின் சின்ன ரம்பத்தை எடுத்து வந்து அறுத்தீர்கள். கண்களுக்கு இரண்டு பெரிய வட்டம். சாம்பல் தோலைப் பிறை பிறையாகச் சீவி, உள்ளிருக்கும் மஞ்சள் தெரியும்படி நெஞ்சு நிறைய இறகு. செதிள் செதிளாக விதைகளை ஒட்டிப் புருவம். மீனு பொறுக்கி வந்த யூகலிப்டஸ் இலைகளைக் குண்டூசியால் குத்திச் சிறகு. முடித்ததும் மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தோம். அது நம்மைத்தான் பார்த்தது.

நீங்கள் கை கழுவப் போன நேரத்தில்தான் நான் அதைச் செய்தேன். அம்மா ஊரிலிருந்து அனுப்பிய குங்குமத்தை ஒரு கை அள்ளி, காய்க்குள் சுற்றிலும் பூசினேன். மீனுவைச் சுற்றி மூன்று தரம் காட்டிவிட்டு மூடியைப் போட்டேன். ஊரில் திருஷ்டி கழிக்கிறவர்கள் செய்கிற மாதிரிதான். ஆனால் திருஷ்டிக் காயை அப்போதே தெருவில் உடைத்துவிட வேண்டும். நாமோ அதற்குள் விளக்கு ஏற்றினோம்.

சூட்டில் காய் வியர்க்கும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆந்தையின் இரண்டு கண்களின் ஓரத்திலும் சிவப்பாக ஏதோ திரண்டது. திரண்டு, இறகுகளின்மேல் மெதுவாக வழிந்தது. மீனு விரலால் தொட்டு என்னிடம் காட்டினாள். "அம்மா, ஆந்தை அழுவுது."

"இதுக்குள்ள என்னத்தைப் போட்டனீ?" என்று கேட்டீர்கள். சொன்னேன். ரோட்டுக்குக் கொண்டுபோய் உடைத்துவிடலாம் என்று கெஞ்சினேன். "குழந்தை நாள் முழுக்க இருந்து செய்தது. உடைச்சால் அவளுக்கு என்னெண்டு சொல்லுவாய்?" நீங்கள் முந்தானையால் அதன் கண்களைத் துடைத்தீர்கள். "உனக்குப் பயமெண்டால் என்ர வீட்டில இருக்கட்டும். நாளைக்குக் காலமை நானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறன்." நான் சரி என்றேன், அக்கா. எவ்வளவு சீக்கிரம் சரி என்றேன்.

பள்ளியிலிருந்து திரும்பியும் அது உங்கள் முன்வாசலில்தான் இருந்தது. நாளுக்கு நாள் முகம் உள்ளே மடிந்து கிழடானது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற நீங்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தீர்களாம். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

மீனுவின் காய்ச்சல் திரும்பி வரவேயில்லை.

நான் தாவரவியல் படித்தவள். பூசணிக்காய் என்ன செய்யும், என்ன செய்யாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? என் பிள்ளையைச் சுற்றி எடுத்ததை உங்கள் கையில் கொடுத்து அனுப்பினேன் என்ற நினைப்பு சோறு பிசையும்போதும் வரும், இஸ்திரி போடும்போதும் வரும். ஒரு வருஷமாக உங்கள் வீட்டு வழியாக நடக்காமல் சுற்றிப் போனேன்.

போன ஞாயிறுதான் அண்ணரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "அவ ஆடி மாசமே அந்த ஆந்தைக் குருவியைக் கேட்டவ, தங்கச்சி. பின்னேரம் எல்லாம் யன்னலடியில கதிரையைப் போட்டு இருப்பா. நெஞ்சு நோகுது எண்டும் சொன்னவ. டொக்டரிட்டப் போவம் எண்டால் கேக்கமாட்டா. 'அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, அது பயத்தில செத்துப்போயிடும்' எண்டா."

ஆடி மாசம். என் குங்குமத்துக்கு மூன்று மாதம் முந்தி.

நிம்மதி வரும் என்று நினைத்தேன், அக்கா. வந்தது நிம்மதிதானா என்று தெரியவில்லை. வேலியருகே நின்று அந்தப் பொய்யைச் சொன்னபோது உங்கள் கைகளில் ஈரத் துணி இருந்தது. அவை நடுங்கவேயில்லை. எனக்கு அப்படி ஒரு பொய் சொல்ல வருமா என்றுதான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் பள்ளியில் யாரும் கேட்கவில்லை. அந்த டீச்சர் ஊருக்குத் திரும்பிவிட்டார். மீனுதான் ஆந்தை வேண்டும் என்று அடம் பிடித்தாள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு போய்க் காய் வாங்கி வந்தேன். உள்ளே எதுவும் பூசவில்லை. கண்களை அவளே கோணல்மாணலாக வரைந்தாள், நான் அறுத்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே விளக்கு ஏற்றினோம்.

"அம்மா, இது யாரைப் பாக்குது?" என்று கேட்டாள்.

"சும்மா காய்டி, யாரையும் பாக்கல" என்றேன். உங்களைப் போலவே என் குரலும் பிசகவில்லை. அவள் நம்பி, கைகொட்டிக்கொண்டு விளையாட ஓடினாள்.

அவள் போனதும், அவள் ஓடிய திசையைப் பார்த்திருந்த அதன் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். திரி அணையும்வரை எழுந்திருக்கவில்லை.