ஒரு வாசர் கனம்

இன்று காலை பால் வாங்கப் போகிற வழியில், சாலையோரம் நின்ற பழைய வேன் ஒன்றிலிருந்து கருகிய ரப்பர் வாடை வந்தது. கால் நின்றுவிட்டது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த வாடை மட்டும் இன்னும் என்னை ராசிபுரம் தாண்டிய அந்த வெயிலில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது.

நாமக்கல் பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகளைப் பண்ணைகளுக்கு ஏற்றிப்போகும் வண்டி நம்முடையது. வயதான வண்டி. அந்த ஒரே மாதத்தில் மூன்று ஃபேன் பெல்ட் அறுந்தது. பெல்ட் அறுந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும், வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். வண்டி நின்றால் பெட்டிக்குள் காற்று நின்றுபோகும், குஞ்சு சாகும். பொரிப்பக மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொருக்கா வழியில நின்னீங்கன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கறமுங்க" என்று சொல்லிவிட்டார். நமக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான்.

நான் பெல்ட் விற்ற கடைக்காரனைத் திட்டினேன். அவன் போலிச் சரக்கு விற்கிறான் என்றேன். பிறகு கண்ணேறு என்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டினேன். பிறகு பெல்ட்டை இன்னும் முறுக்கி இறுக்கினேன். நீ தறிக்குக் கிளம்பியபடியே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணன்னாளாம்" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு உண்ணாமல் போனேன்.

நான்காவது அறுந்தபோது நீ என் பக்கத்து சீட்டில் இருந்தாய். வாழப்பாடியில் உன் அம்மா வீட்டை எட்டிப்பார்த்துவிட்டு என்னோடே திரும்புவதாக ஏறியிருந்தாய். உச்சிவெயில், ஒதுங்க ஒரு மரமில்லை. படீரென்று சத்தம், அப்புறம் அந்த வாடை, சூட்டு முள் மேலே ஏறியது. பின்னால் குஞ்சுகளின் கீச்சு திடீரென்று பெருத்தது. என் பதற்றத்தை நீ பார்த்துவிடக் கூடாதென்று பானெட்டைத் தூக்கி அதன் பின்னால் மறைந்துகொண்டேன்.

நீ கதவுகளைத் திறந்துவிட்டாய். குடிதண்ணீர் கேனைச் சாய்த்துச் சாக்குகளை நனைத்துப் பெட்டிகளின் பக்கவாட்டில் தொங்கவிட்டாய். பிறகு வந்து, கீழே கிடந்த அறுந்த பெல்ட்டை எடுத்துப் புரட்டினாய்.

"ஏனுங்க, இது ஒரே ஓரந்தான் தேஞ்சிருக்குது. தறியில இப்புடித் தேஞ்சா மோட்டாரு கோணையா நிக்குதுன்னு அர்த்தமுங்க."

"தறியும் வண்டியும் ஒண்ணா? போயி உக்காரு புள்ள."

"அந்துபோன பெல்ட்டெ மாத்தீட்டே இருந்தா ஆச்சுங்களா? ஏன் அந்துபோகுதுன்னு பாக்கோணுமல்லொ?"

நீ உட்காரவில்லை. வெண்ணந்தூர்த் தறிப்பட்டறையில் இழை அறுந்தால் முடிபோட எப்போதும் இடுப்பில் ஒரு நூல்கண்டு செருகியிருப்பாய். அதிலிருந்து ஒரு முழம் எடுத்து, பெல்ட்டைச் சுற்றும் கீழ்ச் சக்கரமான கீழ்ப்புல்லியின் முகத்தில் ஒரு முனையை வைத்து, டைனமோ புல்லி வரைக்கும் விறைப்பாக இழுத்துப் பிடித்தாய். கீழே நூல் முழுக்கப் படிந்தது. டைனமோ புல்லி நேரில் இல்லாமல் நூல் அதில் படியவில்லை. இடையில் மெல்லிய ஓர் இடைவெளி, ஒரு வாசர் கனம்.

ஆயுதபூசைக்கு வண்டி பளபளவென்று இருக்கவேண்டும் என்று டைனமோவைக் கழற்றிப் பெயிண்ட் அடித்தவன் நான். திரும்ப மாட்டியபோது போல்ட்டில் கோக்கும் வாசர் ஒன்று மிச்சமானது. மிச்சமானால் அது தேவையில்லாதது என்று டூல்ஸ் பெட்டியில் போட்டுவிட்டேன். பூசை முடிந்த வாரத்திலிருந்துதான் பெல்ட் அறுந்துபோக ஆரம்பித்தது.

பெட்டியைத் தரையில் கவிழ்த்துத் தேடினோம். அதற்குள் கீச்சு மெலிந்துகொண்டே வந்தது. சத்தம் பெருத்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. நீதான் கண்டெடுத்தாய். அதையும் கைவசமிருந்த புது பெல்ட்டையும் நான் மாட்ட, நீ அட்டையால் குஞ்சுகளுக்கு விசிறினாய். உன் முகம் வெந்து சிவந்திருந்தது. ஒரு பெட்டியில் மட்டும் ஏழெட்டுச் செத்திருந்தன; மற்றதெல்லாம் பிழைத்தது. வேலையும் பிழைத்தது.

மறுநாள் ஸ்டாண்டில் டிரைவர்கள் சூழ்ந்துகொண்டு, "யாரு கண்டுபுடிச்சதுங்க?" என்று கேட்டார்கள். "நாந்தான்" என்றேன். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நீ மூன்றடி தள்ளி நின்றிருந்தாய். தூக்குப் போசியை என் கையில் கொடுத்துவிட்டு, "ரசம் சூடா இருக்குதுங்க" என்று சொல்லிப் போனாய். அன்றிலிருந்து பெல்ட் கோளாறு என்றால் சேலத்திலிருந்துகூட என்னைத் தேடி வந்தார்கள். நானும் நூலும் கையுமாகப் போனேன். வீட்டில் அதைப் பற்றி நீ வாய் திறக்கவே இல்லை. மறந்திருப்பாய் என்று வசதியாக நினைத்துக்கொண்டேன்.

உன் காரியத்தன்று டிரைவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ஒருவர் நம் மகளிடம், "பெல்ட்டு பாக்கறதுல உங்கப்பனெ மிஞ்ச ஆளில்லீங்க சாமி" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு தலையைத்தான் ஆட்டினேன்.

எல்லாரும் போனபிறகு மகள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "அம்மா எங்கிட்டச் சொல்லியிருக்குதுங்கப்பா, அந்த நூலு சமாச்சாரத்தெ. அதெப் பத்தி அப்பாகிட்ட ஒருக்காலும் கேட்டுப்போடாதேன்னும் சொல்லுச்சு."

நீ கேட்டிருந்தால் சண்டை போட்டாவது ஒப்புக்கொண்டிருப்பேன், புள்ள. கேட்காமல் விட்டுவிட்டாய். அதைத்தான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன்.