கழுவிக் கவிழ்த்த மீன் சருவம்

முகம் பார்த்து மயங்காமல் அகம் பார்த்து அறியும் ஆண்டவரே, இவ்வெழுத்துக்கு நீரே துணை.

என் அன்புச் செல்லபாய்க்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. காலை வேதவாசிப்பை நான் விடவில்லை. முடிவில் "ஆமென்" சொல்ல எதிரே ஆளில்லை. அதையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒரு குற்றத்தை அறிக்கையிட வேண்டும். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் பிலோமியை நீ மறந்திருக்க மாட்டாய். "ஏட்டி, கண்ணு செத்த சாளைய என் தலையில கட்டப் பாக்குதியா?" என்பாய். "கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க அக்கா, அது ஒங்களப் பாத்துக் கண்ணடிக்குது" என்பாள் அவள். கடற்கரைக் குரல் என்றாலே சண்டைக் குரல் என்று உள்ளறையில் நான் முகம் சுளிப்பேன். நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

உன் அடக்கத்துக்குப் பின் அவள் நாள்தோறும் நண்பகலில் வாசலில் நின்று "சாரே" என்று அழைத்தாள். புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே, "மீன் வேண்டாம், போ" என்றேன். ஏறக்குறைய இரண்டு வாரம்.

அதே நாட்களில் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு ஒருவர் வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் என்றெண்ணி, உன் நாற்காலியில் இருத்தித் தேநீர் கொடுத்தேன். அவர் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்க வந்தவர்.

ஒருநாள் பிலோமி திரும்பி நடக்கையில் தற்செயலாக நிமிர்ந்தேன். இடுப்பில் அவளுடைய மீன் சருவம், அந்த வாயகன்ற பாத்திரம், கழுவிக் கவிழ்த்தபடி காய்ந்திருந்தது. மீன் விற்றுத் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான் வாசலுக்கு வருமுன் சாலை வெறுமையாகிவிட்டது. மறுநாள் முதல் அவள் வரவில்லை.

நேற்றுத்தான், புதுக்கடைச் சந்திப்பில், என் வயதொத்த தேநீர்க் கடைக்காரரிடம் அவளைப் பற்றிக் கேட்டேன். "மீன வித்துட்டு, பஸ்ஸையும் விட்டுட்டு ஒம்ம வீட்டுக்கு வருவா. அக்கா இல்லாம சாரு ஒழுங்கா சாப்பிடுதாரான்னு பாக்கணும்பா. நீருதான் தொரத்திட்டீராம்லா. நல்லாப் படிச்ச ஆளு வே நீரு" என்றார்.

வேதத்தையும் செய்யுளையும் பதம் பிரித்துப் பொருள் சொன்னவன் நான். ஒரு பெண் என் வாசலில் நின்றதன் பொருள் எனக்குத் தெரியவில்லை. வெறுத்தா விரட்டினேன்? வெறுப்பதற்குக்கூட ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டுமே. குரலைக் கேட்டதும் மனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது. இது என்னிடம் இருந்ததை நீ அறிந்திருந்தாயா? அறிந்தும் ஏன் சொல்லவில்லை?

உன் பிரிவைக் கேட்டு வந்தவர்கள் பலர். நான் உண்டேனா என்று கேட்க வந்தவள் அவள் ஒருத்தி.

நாளைக் காலைப் பேருந்தில் தேங்காய்ப்பட்டணம் போகிறேன். அவள் வாசலில் நின்று பெயர்சொல்லி அழைப்பேன். அவள் நிமிராமலே "வேண்டாம், போங்க" என்றாலும் மறுநாளும் போவேன். அவள் இங்கு நின்ற நாட்களுக்குக் குறையாமல் நான் அங்கு நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கைச்சோறு மறவாத
உன் வீட்டுக்காரன்

இதை வாசிப்போரே, உங்கள் இல்லத்தில் சமாதானம் தங்குக. உங்கள் வாசலில் அழைக்கும் குரலுக்கு, உள்ளிருந்து நிமிரும் ஒரு முகம் என்றும் இருப்பதாக.