நான் தடை செய்த சொல்

இன்றும் காலை ஐந்து மணிக்கு உன் போனில் அலாரம் அடித்தது. திரையில் நான் தட்டி வைத்த வரி: 'இன்று என்னால் முடியும்.' தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் எனக்கு ஒரு அலாரத்தை நிறுத்தத் தெரியாதா? தெரியும். நீ போன மூன்று மாதமாக விரல் அதன் மேலே போய் நின்றுவிடுகிறது. அது தானாக ஓயும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேர்முகப் பரீட்சைக்குப் பயந்து நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாயே, அப்போது தொடங்கியது. தோட்டத்துப் பாலர் வகுப்பு டீச்சராக இருந்த உனக்குப் பெரிய பள்ளிக்குப் போகும் வாய்ப்பு. வீடியோக்களில் கேட்டதையெல்லாம் உனக்குப் பாடம் எடுத்தேன். நிமிர்ந்து உட்கார், மூச்சை இழு, கெட்டதை நினைக்காதே. கூடவே ஒரு சட்டமும் போட்டேன். நம் வீட்டில் 'முடியல' என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும்.

"அப்ப ஒங்களுக்கும் தானே?" என்றாய்.

"எனக்கும்தான்."

"சரி, நாளைக்கே சோப்பு வாங்கிட்டு வாங்க."

நுவரெலியாவில் நடந்த நேர்முகத்தில் நீ தேறிவிட்டாய். திரும்பும் பஸ்ஸில் கேரட் மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடி, "நீங்க சொன்னது வேல செஞ்சிருச்சுங்க" என்றாய். அந்தப் பேச்சுதான் என்னைக் கெடுத்தது. என் வித்தை எதற்கும் பொருந்தும் என்று நம்பிவிட்டேன்.

மழை மாதத்தில், ரோட்டிலிருந்து நம் லயத்து வீட்டுக்கு ஏறும் படியில் நீ பாதியில் நிற்கத் தொடங்கினாய். "இந்தப் பூவப் பாருங்களேன்" என்பாய். "அந்த நாயி இன்னைக்கு வரலயா?" என்பாய். ஒருநாள் மட்டும், "நெஞ்சுக்குள்ள என்னமோ பிடிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாய்.

"புது ஸ்கூல் பயம். எல்லாம் மனசுதான். அதையே நெனச்சா கூடும்" என்றேன்.

மெஷினில் ஊன்றிய ஸ்க்ரூட்ரைவரைக் காதில் வைத்து, உள்ளே பேரிங் தேய்வதை முன்னாலேயே சொல்லிவிடுவேன் என்று தொழிற்சாலையில் எனக்கு நல்ல பெயர். நீ மூச்சு வாங்கியதோ என் தோளுக்குப் பக்கத்தில்.

வகுப்பறையில் விழுந்த உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "எவ்வளவு நாளா கஷ்டம்னு சொன்னாங்க?" என்று டொக்டர் கேட்டார்.

"சொல்லவே இல்ல டொக்டர்" என்றேன்.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். அதில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம். இதயத்தில் பல காலமாகவே கோளாறு இருந்ததாம். முன்னமே வந்திருந்தால் என்று தொடங்கிய டொக்டர் அதை முடிக்கவில்லை. மறுநாள் நீ இல்லை.

இப்போது பார்ப்பவர்களெல்லாம் "மனச தெம்பா வச்சுக்க தம்பி" என்கிறார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். என் சரக்கு எனக்கே திரும்பி வருகிறது.

நேற்று உன் அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து, வாசல் சுவரைப் பிடித்தபடி நின்றார். என்னைக் கண்டதும் சேலையில் ஒட்டிய எதையோ தட்டுவதுபோல் குனிந்தார். நீ பூவைக் காட்டியது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"எங்க வலிக்குது அத்த?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ள. ஏறி வந்ததுதான்."

"நாளைக்கு ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவோம்."

"வேலைக்குப் போகாட்டி ஒரு நாள் பேர் போயிருமே, சம்பளத்துல வெட்டுவாங்க. கங்காணி வாயி தெரியும்ல."

"போகட்டும். எனக்குப் பயமா இருக்கு அத்த."

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். "முட்டிதான் மாப்பிள்ள. நாலு மாசமா" என்று சொல்லி, என் கையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார்.

இதை உன்னிடம் கேட்க வேண்டிய நாளில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது கேள்வி மட்டும்தான். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக. பதில் வந்த பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. ஏழு மணி பஸ்ஸுக்கு அத்தையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும்.