சிரிக்கக் கூடாது

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, காபி குடித்த கையோடு, நம் ஸ்டூடியோவின் வரலாற்றிலேயே முக்கியமான முடிவொன்றை எடுத்தேன். நாற்காலிக்கு எதிரே மாட்டியிருந்த ‘சிரிக்கக் கூடாது’ அட்டையைக் கழற்றிவிடுவது. கலந்து பேச ஆளில்லாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அட்டை தங்களுக்கானது என்று வாடிக்கையாளர்கள் நினைத்திருந்தார்கள். அதை உனக்காகத்தான் எழுதினேன்.

மின்துறையில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைச்சாவடிக் கடற்கரைக்கு ஸ்கூட்டரில் போய்ப் படகுகளைப் படமெடுத்து வருவேன். ஒரு நாள் நீ கேட்டாய்: “அந்தப் படகு வந்து படத்துல ஒரு காப்பி குடுங்கன்னு கேக்கப்போவுதா? மனுசங்கள எடுங்க.” ரெட்டியார்பாளையத்து வீட்டின் முன்னறையில் நீயே ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டி, பக்கத்து வீட்டு அக்காவை இழுத்து வந்து உட்காரவைத்தாய். நான் ஓய்வு பெற்றபோது அந்தப் போர்வை கடையாகியிருந்தது.

பிரான்சுக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர். பாதிப் பேர் பாஸ்போர்ட், விசா படத்துக்கே வந்தார்கள். அந்தப் படத்தில் வாய் மூடியிருக்க வேண்டும். முகத்தில் உணர்ச்சி கூடாது. எனக்கு இது இயல்பாகவே வரும். ஆனால் என் பின்னால் நீ நிற்பாய். நான் ஃபோகஸ் செய்யும் நேரம் பார்த்து, “இன்னா மாமா, சீமைக்குப் போறீங்க, சட்டைப் பட்டன போட்டுக்கினு போங்க” என்பாய். அவ்வளவுதான். பற்கள் தெரியும். படம் விசா அலுவலகத்திலிருந்து திரும்பி வரும். மறுபடி எடுக்க வந்தவர்கள் யாரும் கோபமாக வரவில்லை. ஒருவர் பலாப்பழத்தோடு வந்தார்.

மகளின் பிரசவத்துக்கு நீ பாரிஸ் போக வேண்டியிருந்தது. உன்னை அதே நாற்காலியில் உட்காரவைத்தேன். “சிரிக்காதே” என்று எத்தனை தடவை சொன்னேனோ.

“நீங்க மூஞ்சிய உம்முனு வச்சிக்கினு நின்னா எனக்கு எப்பிடிங்க சிரிப்பு வராம இருக்கும்?”

அந்தப் படமும் திரும்பி வந்தது. மறுபடி எடுப்பதற்குள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேத்தியை நீ போனில்தான் பார்த்தாய்.

பதினாறாம் நாள் உன் அண்ணன், திரும்பி வந்த அந்தப் படத்தைச் சுவரில் பார்த்துக்கொண்டு நின்றார். “மாலை போடற படத்துல பல்லு தெரியுதே மாப்ள. வேற இல்லியா?”

“வேற வேணாம்” என்றேன்.

இப்போதும் ஷட்டரை அழுத்துமுன் உன் வார்த்தையைத்தான் சொல்கிறேன். சீமை, சட்டை, பட்டன், ஒரு சொல் விடாமல். நான் சொன்னால் எல்லோரும் குனிந்து பட்டனைச் சரிபார்க்கிறார்கள்.

அட்டையைக் கழற்றிய பின் பதினொரு பேர் விசா படத்துக்கு வந்தார்கள். ஒரு படமும் திரும்பி வரவில்லை.