இந்துஜா கழுத்தில் வந்த அம்மன்

நவம்பர் 3, திங்கள்

அண்ணன் மகள் இந்துஜா வெள்ளிக்கிழமை கல்லூரியில் பேசுகிறாள். நன்றாகப் பேசுகிறவரைத் திருவனந்தபுரத்துக்கு ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்புவார்களாம். விஷயம், போரில் உடம்பில் கொப்பளம் வர வைக்கும் ரசாயனங்கள். பெண்பிள்ளைக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?

என்னிடம் ஒப்பித்தாள். எண்ணெய் போல இருக்கும், துணியில் ஒட்டினால் லேசில் போகாது. மேலே படும்போது வலிக்காதாம். பல மணி நேரம் கழித்துத்தான் பொங்கும்.

"அதாக்கும் அத்தே இதுல உள்ள சதி."

ஏறக்குறைய என் நாக்கு மாதிரி.

மழை விட்டதும் வயலிலிருந்து பூச்சி. அவள் கழுத்தில் ஊர்ந்த ஒன்றைக் கையாலேயே நசுக்கித் துடைத்தேன். படிப்பு மும்முரத்தில் திரும்பக்கூட இல்லை.

நவம்பர் 5

கழுத்தில் வரிசையாகக் கொப்பளம்! முத்தாரம்மனேதான். வாசலில் வேப்பிலை கட்டினேன். தாளிப்பு இல்லை, குளிப்பு இல்லை, கல்லூரியும் இல்லை.

"அத்தே, அம்மைன்னா காய்ச்சல் வராண்டாமா? வெள்ளிக்கிழமை நான் போவணும்."

"சும்மா கெட ஏட்டி. அவ கேட்டுக்கிட்டு இருக்கா."

அம்மன் கேட்டாளோ என்னவோ, அடுத்த வீட்டு பிந்து கேட்டுவிட்டாள். நான்தான் சுவரேறிச் சொன்னேன். பிள்ளை சாப்பிடாமல் அழுகிறாள்.

நவம்பர் 6

என் மணிக்கட்டிலும் கொப்பளம்! அம்மன் என்னையும் தேடி வந்தாளே என்று ஒரே பூரிப்பு. படத்துக்கு முன்னால் கையை நீட்டிக் காட்டினேன்.

இந்துஜா கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"அன்னைக்கு எங் கழுத்துல பூச்சிய நசுக்குனது இந்தக் கைதானா?"

சுகாதார நிலையத்து நர்ஸ் சுனிதாவிடம் ஓடினோம்.

"அம்மையில்ல, பூச்சி நீரு பட்டதுதான் அக்கா. நசுக்கப்பிடாது, ஊதி விடணும். பட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவணும். பிள்ளைய நாளைக்கு அனுப்புங்க. சாமி கோவிக்காது."

இந்துஜா படித்துப் படித்துச் சொன்னாளே, பட்டதும் வலிக்காது, பிறகுதான் பொங்கும் என்று. தலையாட்டிக் கேட்டவள் நான்தானே? இரண்டு நாள் அம்மன்மேல் பழி போட்டிருக்கிறேன்.

நவம்பர் 7

கழுத்தை மறைக்காமலே போனாள். கோயிலில் மன்னிப்பு மட்டும் கேட்டேன். வேண்டுதல் வைக்க வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 1

வடசேரி பஸ் நிலையத்தில் இந்துஜாவைத் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாளிடம், "எங்க பிள்ளை பட்டாளத்துக்கு மருந்து கண்டுபிடிக்கப் போறா" என்றேன்.

"ஒரு மாசப் பயிற்சிதான் அத்தே!" ஜன்னலிலிருந்து கத்தினாள்.

பஸ் நகர்ந்துவிட்டது. நான் திருத்தவில்லை.