பாக்சி அனுப்பிய சாவி

அன்புள்ள அப்பாவுக்கு, செண்பகவல்லியின் வணக்கம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? அம்மா இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாளா? தமிழே காதில் விழாத இந்த டாக்குரியாவில் நான் சௌக்கியம்.

ஆபீசில் ஒரு கூத்து. ஆஸ்பத்திரி ஒன்றின் நோயாளி விவரங்களைப் பாதுகாப்பது எங்கள் வேலை. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரிக் கட்டளை தட்டினால் இரண்டு ஃபைல்கள் உண்டாகும். ஒன்று பூட்டு மாதிரி, யாருக்கும் கொடுக்கலாம். மற்றது சாவி, யாருக்கும் காட்டக்கூடாது. எங்கள் மேனேஜர் பாக்சி என்கிற மகாமேதை சாவியை நாற்பது பேருக்கு மெயிலில் அனுப்பிவிட்டார்.

"சார், இது சாவி" என்றேன்.

"அரே பாபா, ரெண்டுக்கும் ஒரே பேர்தானே!" என்று சிரித்தார். பூட்டின் பெயர் முடிவில் மட்டும் 'pub' என்று இருக்கும். அந்தக் கடைசி மூன்றெழுத்தைப் படிக்கத் தெரியாத இருபது வருஷ அனுபவம்!

ஆஸ்பத்திரியிலிருந்து கேள்வி வந்ததும், அனுப்பியது நான்தான் என்று என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்.

"மெயில்ல உங்க பேர் இருக்கு சார். அதையாவது படிங்க" என்றேன், எல்லோர் எதிரிலும்.

புதிய சாவியும் பூட்டும் செய்து, பழைய பூட்டைக் கழற்றி எறிய எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எனக்கு நன்றி எழுதினார்கள். இப்போது என்னைக் கண்டால் பாக்சி லிஃப்டை விட்டுப் படியேறுகிறார். வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள். அவருக்குப் பயந்து மதியம் யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை, அவ்வளவுதான். அந்தக் கோழைகள் இல்லாமலும் சோறு இறங்குகிறது.

பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். பார்சல் மேல் விலாசத்தைத் தமிழிலும் எழுதுங்கள். தபால்காரருக்காக இல்லை அப்பா, நான் படிக்க.

சாப்பாட்டு நேரம் முடிந்தது, அவசரமாக நிறுத்துகிறேன்.

உங்கள்
செண்பகவல்லி