அலுமாரியைப் பூட்டியவள் நான்

லிங்கநகர்,
திருகோணமலை.

அன்பு மகள் லோஜினிக்கு,

நான் சுகம். நீயும் தோள்மூட்டு நோவில்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறேன், ஆனால் உன்மேல் எனக்குள்ள கோபம் கொஞ்சமல்ல. தொலைபேசியில் தொடங்கினால் நீ அழுகிறாய், நான் விட்டுவிடுகிறேன், அதனால் எழுதுகிறேன்.

ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிறகு பிரான்ஸ் தொலைக்காட்சிக்கு நீ கொடுத்த பேட்டியைத் தமிழில் போட்டார்கள், ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. பெண்பிள்ளைக்கு ஜூடோ எதற்கு என்று அப்பா உன் வெள்ளை உடுப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டினாராம், அம்மாதான் ஒளித்து ஒளித்து வகுப்புக்கு அனுப்பினாராம். பூட்டியவள் நான். துறைமுகத்தில் இழுவைப் படகு வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்து, பூட்டை உடைத்தால் என் மனம் நோகும் என்று கதவின் பிணைச்சலைக் கழற்றி உடுப்பை எடுத்து, உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன மனிதர் அவர். கொழும்பில் முதல் சுற்றிலேயே நீ தோற்று வந்தபோது பஸ் நிலையத்தில் மாலையோடு நின்றவரும் அவர்தான், அரை நிமிடத்தில் விழுந்த பிள்ளைக்கு மாலையா என்று கேட்டவள் நான். பதில் சொல்ல அவர் இன்று இல்லை.

நேற்று உன் வரவேற்புக் குழுவிலிருந்து சசிகரன் வந்தான். மேடைக்கு என் படம் மட்டும் போதுமாம். "ஐயாவின்ர படம் வேண்டாம் அம்மா, சனம் ஒரு மாதிரிக் கதைக்குது" என்று என் கதிரையில் இருந்துகொண்டே சொன்னான். எழும்பிப் போ என்றேன். பின்னேரம் அப்பாவோடு படகில் வேலை செய்த கிண்ணியா ஜெமீல் வந்து, தேத்தண்ணியைத் தொடாமல், "அக்கா, ஆனந்தண்ணனைப் பற்றிப் பிள்ளை ஏன் இப்பிடிச் சொன்னது?" என்று கேட்டார்.

ஏன் மாற்றிச் சொன்னாய் என்று போன கிழமை தொலைபேசியில் கேட்டதற்கு நீ சொன்ன காரணம் அந்தப் பேட்டியைவிட மோசம். "நீங்கள் உயிரோட இருக்கிறீங்கள் அம்மா, சனம் உங்களைத்தானே ஏசும், அப்பாவுக்கு இனி என்ன?" என்றாய். அவருக்கு இனி அவருடைய பெயர் மட்டும்தான் இருக்கிறது பிள்ளை, அதையும் பறித்து எனக்குப் பொன்னாடையாகப் போர்த்தப் பார்க்கிறாய். என்னை ஏசட்டும். மறித்ததற்கு நான் வெட்கப்படவில்லை, உன் தோள்மூட்டு கழன்றபோது நான் சொன்னது சரி என்றுதான் நினைத்தேன், தங்கம் கிடைத்த பின்னும் அந்த எண்ணம் முழுதாக மாறவில்லை.

அடுத்த மாதம் மேடையில், அப்பா கூட்டிக்கொண்டு போனார், அம்மா மறித்தார் என்று எல்லாருக்கும் கேட்க நீயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் எழும்பிச் சொல்வேன், எனக்கு ஒலிவாங்கியும் தேவையில்லை.

என் ஆசீர்வாதம் கோபத்திலும் உனக்குக் குறையாது, நீ நன்றாக இரு. தோளுக்குப் பட்டி கட்டாமல் பயிற்சிக்கு இறங்காதே. பதிலைக் கடிதமாகவே எழுது, எழுத்துப் பிழை இல்லாமல்.

உன் அம்மா,
புஷ்பவதி ஆனந்தராசா